கடிதத்தில் விட்டுப்போன பன்னிரண்டு நாள்

ஹவானாவுக்குக் கிழக்கே, மத்தான்சாஸ் நகரில் இருந்த அமெரிக்க இராணுவ மருத்துவ அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கசில்டா மோந்தெயாகுடோவுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. இந்த டாக்டர்கள் காய்ச்சலோடு மல்லுக்கு நிற்பதைவிட ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதில்தான் அதிக நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அதையும் நேருக்கு நேர் செய்வதில்லை, கடிதத்தில் செய்கிறார்கள். அந்தக் கடிதங்களை மொழிபெயர்த்து, மூன்று பிரதி தட்டச்சு செய்து, எண் போட்டு, உறையில் இட்டு அனுப்புவது அவள் தலையில் விழுந்தது.

அது 1900-ஆம் வருஷம். ஸ்பெயின்காரர்கள் போரில் தோற்றுக் கப்பலேறிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்கள் காலி செய்த கட்டடங்களில் அமெரிக்கப் படை வந்து உட்கார்ந்திருந்தது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் எந்தக் கொடிக்கும் அடங்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கசில்டாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவளுடைய அப்பா சுருட்டுத் தொழிற்சாலையில், சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்காக நாள் முழுக்கச் செய்தித்தாளும் கதையும் உரக்க வாசிக்கும் வேலை பார்த்தவர். ஸ்பெயின் அரசாங்கத்துக்குப் பிடிக்காத எதையோ வாசித்துத் தொலைத்ததால் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவுக்கு ஓட வேண்டியதாயிற்று. கசில்டா ஆங்கிலம் கற்றதும் கல்யாணம் செய்துகொண்டதும் அங்கேதான். கணவன் நிக்கானோர் விடுதலைப் படையில் சேரப் படகேறிப் போனவன், தொண்ணூற்றேழில் ஒரு கரும்புத் தோட்டத்தோரம் ஸ்பானியத் துப்பாக்கிக்கு இரையானான். போர் முடிந்ததும் அவள் பிறந்த ஊருக்கே திரும்பி, தன்னைப் போலவே விதவையான தங்கை ஓப்துலியாவின் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டாள்.

வேலை கிடைத்ததற்கு ஆங்கிலம் ஒரு காரணம். ஐந்து வயதில் அவளுக்கு மஞ்சள் காய்ச்சல் வந்து போயிருந்தது இன்னொரு காரணம். ஒருமுறை வந்து பிழைத்தவரை அது மறுபடி தொடுவதில்லை. நோயாளி வீட்டிலிருந்து வரும் காகிதங்களைக் கையால் தொட அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றார் மேஜர் ஹாலோவெல்.

மேஜர் ஹாலோவெல் கெட்டவர் அல்ல. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் விடிந்ததிலிருந்து பொழுது சாய்வதற்குள் நாற்பது தடவை கை கழுவுவார். மேசைமேல் பேனாவும் மைக்கூடும் அளந்து வைத்தது போல இருக்கும். காய்ச்சல் அழுக்கில் பிறக்கிறது, நோயாளியின் துணியிலும் படுக்கையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. எந்த வீட்டில் காய்ச்சல் வந்தாலும் அவருடைய ஆட்கள் போய்ப் படுக்கை, தலையணை, திரைச்சீலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்கும் விமோசனம் இல்லை. உறைகளில் ஊசியால் துளை போட்டு, ஒரு தகரப் பெட்டிக்குள் அடுக்கி, கிருமி கொல்லும் ஃபார்மலின் ஆவியில் ஆறு மணி நேரம் வேகவைத்த பிறகுதான் அவை மேசைக்கு வரும். கண்ணில் நீர் வழிய வழியத்தான் கசில்டா அவற்றைப் படித்தாள்.

காப்டன் லஸ்க் ஐந்து மைல் தள்ளி, மலைச்சரிவில் இருந்த படைமுகாமின் கூடார மருத்துவமனையில் டாக்டராக இருந்தார். ஒஹாயோக்காரர், முப்பது வயது இளைஞர். அவருக்குச் சந்தேகம் கொசுவின்மேல். ஹவானாவில் ஒரு மருத்துவர் இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி எல்லாருடைய ஏளனத்துக்கும் ஆளாகியிருந்தார் என்பதும், இப்போது அங்கே ஒரு குழு அதை மறுபடி கிளறப் போகிறது என்பதும் அவர் காதில் விழுந்திருந்தது. லஸ்க்கின் கையெழுத்தைப் பார்த்தால் மைக்கூட்டில் விழுந்த பூச்சி ஒன்று தப்பித்து ஓடியது போல இருக்கும்.

மூன்றாமவர் லெயாந்த்ரோ பஸ்டெரா; ‘தோன்’ என்று மரியாதையாக முன்னால் சேர்த்துத்தான் அவரை அழைப்பார்கள். ஸ்பானியப் படையில் இருபத்திரண்டு வருஷம் மருத்துவராக இருந்தவர். மனைவி மத்தான்சாஸ்காரி என்பதால் படை போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். ஆற்றங்கரையில் வீடு. அவருக்கும் சந்தேகம் கொசுவின்மேல்தான். அமெரிக்க முகாமுக்குள் ஒருநாளும் காலடி வைப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். ஆனால் கடிதம் எழுதமாட்டேன் என்று சபதம் செய்யவில்லை. செய்திருந்தால் கசில்டாவின் கண்கள் தப்பித்திருக்கும்.

ஏப்ரலில் அவருடைய முதல் கடிதம் லஸ்க்குக்கு வந்தது. பதினொரு பக்கம், அதுவும் ஸ்பானியத்தில். லஸ்க்குக்கு ஸ்பானியம் தெரியாது. எல்லாக் கடிதமும் மேஜரின் அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது உத்தரவு.

மேஜர் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல ஆட்டினார். “இதெல்லாம் எதுக்கும்மா? ஒரு பக்கத்துல சுருக்கிடுங்க. விஷயம் மட்டும் இருந்தா போதும்.”

“எது விஷயம்னு நான் எப்படி சார் முடிவு பண்றது?”

“அறிவுள்ளவங்கதானே நீங்க? கதையை வெட்டுங்க. விஷயத்தை மட்டும் வைங்க.”

கசில்டா நீலப் பென்சிலோடு உட்கார்ந்தாள். முதல் மூன்று பக்கம் சரியாகத்தான் இருந்தது. எந்தக் கொசு, எங்கே முட்டையிடும், நோயாளியை முதல் மூன்று நாளைக்குள் கடிக்க வைத்தால்தான் பலன் என்றெல்லாம் எழுதியிருந்தார். நாலாம் பக்கத்தில் மனிதர் போர்க்களத்துக்குத் தாவிவிட்டார். ‘கொள்ளைக்காரக் கூட்டமான கலகக்காரர்களை’த் துரத்திக்கொண்டு எந்த ஊருக்குப் போனோம், எந்தக் குதிரையில் போனோம், யார் பதக்கம் குத்தினார்கள் என்று தம்பட்டம். கொள்ளைக்காரக் கூட்டம் என்ற சொல்லைப் படித்ததும் அவள் கை நின்றது. நிக்கானோரின் கிழிந்த காலணியும், அவன் கடைசியாக அனுப்பிய, பாதி நனைந்த கடிதமும் ஞாபகத்துக்கு வந்தன. நாலாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை மூலைக்கு மூலை ஒரே கோடாக இழுத்தாள். அந்தப் பக்கங்களை அவள் முழுதாகப் படிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த மூவரும் சேர்ந்து அவளைப் படுத்திய பாட்டுக்கு அளவே இல்லை.

லஸ்க்கின் பதிலை மேஜர் ‘திரு. பஸ்டெரா’ என்று முகவரியிட்டு அனுப்பச் சொன்னார். அது பிரிக்காமலேயே திரும்பி வந்தது. உறைமேல் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘இந்த வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. இராணுவ முதன்மை மருத்துவர் தோன் லெயாந்த்ரோ பஸ்டெரா இருக்கிறார்.’ மேஜர், இல்லாத படைக்கு மருத்துவர் ஏது என்றார். பத்து நாள் அந்தக் கடிதம் ஆற்றங்கரைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் அல்லாடியது. கடைசியில் கசில்டா யாரையும் கேட்காமல் அவருக்கு வேண்டிய பட்டத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினாள். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. மேஜர் கவனிக்கவே இல்லை.

ஜூனில் லஸ்க் கொசு முட்டை கேட்டார். பஸ்டெரா ஈரக் காகிதப் பட்டையில் முட்டையிட வைத்து, உலர்த்தி, உறைக்குள் வைத்து அனுப்பினார். கறுப்புப் பொடி போன்ற அந்த முட்டைகள் தண்ணீரில் விழுந்தால் பொரித்துவிடும், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் ஃபார்மலின் ஆவியில் ஆறு மணி நேரம் வெந்த பிறகு எது உயிரோடு இருக்கும்? லஸ்க் எழுதினார்: ‘தாங்கள் அனுப்பிய மிளகுத் தூள் கிடைத்தது. சூப்பில் போட்டுக்கொள்வேன்.’ பஸ்டெரா எழுதினார்: ‘என் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவை உயிரோடு இருந்தன. உங்கள் கையில்தான் எல்லாம் சாகிறது.’

கசில்டா மேஜரிடம் போய் நின்றாள். “சார், அந்த முட்டை உறையை மட்டும் பெட்டியில வைக்காம அனுப்பலாமா? வெந்து போயிடுது.”

“நோயாளி ரத்தம் குடிச்ச கொசுவோட முட்டை, அதைச் சுத்தம் பண்ணாம அனுப்பணுமா? உங்களுக்கு என்ன ஆச்சு?”

“கொசுவால ஒண்ணும் வராதுன்னு நீங்கதானே சார் சொல்றீங்க?”

மேஜர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

லஸ்க் எப்படியோ முகாமைச் சுற்றியிருந்த தொட்டிகளிலிருந்து சில கொசுக்களைப் பிடித்து வளர்த்தார். நோயாளிகளைக் கடிக்க விட்டு, இரண்டு நாள், நான்கு நாள் கழித்து, முன்வந்த படைவீரர்களைக் கடிக்க விட்டார். பதினொரு பேரில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. ஜூலை முதல் வாரத்தில் அவர் பஸ்டெராவுக்கு எழுதிய கடிதத்தை மொழிபெயர்க்கையில் கசில்டாவுக்கே கூசியது. அதில் ‘கிழட்டுக் கற்பனை’ என்று ஒரு வார்த்தை இருந்தது. ‘அனுபவத்தின் ஊகம்’ என்று மாற்றிப் போட்டாள். பஸ்டெராவின் பதிலில் ‘அரைவேக்காட்டுப் பயல்’ என்று இருந்தது. அதை ‘இளம் நண்பர்’ ஆக்கினாள். ஆனால் இருவருக்கும் அவள் எழுதாத வார்த்தைகளே நன்றாகப் புரிந்தன போல. கடிதங்கள் மேலும் மேலும் சூடாயின.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் வீட்டில் இடி விழுந்தது.

ஓப்துலியா ஒரு அறையைக் குடிக்கூலிக்கு விட்டிருந்தாள். ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய கடைச் சிப்பந்தி ஒருவன் அதில் இருந்தான். ஜூலை இரண்டாம் தேதி அவனுக்கு உடம்பு கொதித்தது. மறுநாள் அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு மறுநாள் காலையில் மேஜரின் ஆட்கள் வந்தார்கள். அந்த வீட்டுச் சாமான்களைக் கொளுத்தும் உத்தரவை ஸ்பானியத்தில் தட்டச்சு செய்தவள் கசில்டாதான். முகவரியைப் படித்தபோது தன் கண்ணையே அவள் நம்பவில்லை.

ஓப்துலியா வாசலில் நின்று கத்தினாள். “அந்தப் பெட்டி என் கல்யாணத்துக்கு எங்க மாமியார் குடுத்தது! அவன் ரூம்ல இருந்ததா அது? என் ரூம்ல இருந்துச்சு!” பெட்டி எரிந்தது. மெத்தைகள் எரிந்தன. கொசுவலையும் எரிந்தது.

சாயங்காலம் கசில்டா வீடு திரும்பியபோது தங்கை வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“வா அக்கா, வா. உத்தரவு ரொம்ப அழகா இருந்துச்சு. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. நீதானே அடிச்சே?”

“நான் என்னடி பண்ணட்டும்? நான் அடிக்கலன்னா இன்னொருத்தி அடிப்பா.”

“அந்த இன்னொருத்தி என் வீட்டுல சோறு திங்கமாட்டாளே!”

இரண்டு வாரம் தங்கை அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மொச்சையும் சோறும் தட்டில் போட்டு ‘ணங்’ என்று வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி ஓப்துலியாவே ஓடி வந்து பேசினாள். அடுத்த வீட்டில் குடியிருந்த இன்னொரு கலீசியாக்காரனுக்குக் காய்ச்சல். “இங்க இருந்ததெல்லாம்தான் சாம்பலாயிடுச்சே அக்கா! ஒரு கந்தல்கூட மிச்சமில்ல. அப்புறம் செவுரு தாண்டி என்ன போச்சு? சாம்பலா பறந்து போச்சு? உன் மேஜரைக் கேட்டுச் சொல்லு.”

தங்கை கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் கசில்டா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் தேதிக்கும் பத்தொன்பதாம் தேதிக்கும் நடுவில் பதினேழு நாள். இந்த மாதிரி ஏதோ கணக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எழுத்தில், அதுவும் ஸ்பானியத்தில். மறுநாள் அலுவலகத்தில் ஏப்ரல் மாதக் கடிதக் கட்டை அவிழ்த்தாள். பஸ்டெராவின் பதினொரு பக்கக் கடிதம் இருந்தது. ஐந்தாம் பக்கத்தின் நடுவில், ஒரு பதக்கத்துக்கும் ஒரு குதிரைக்கும் இடையில், தன் நீலக் கோட்டுக்கு அடியில் அது கிடந்தது:

‘ஒரு படைக்கொட்டடியில் முதல் ஆள் விழுந்த பிறகு அடுத்த ஆள் விழ எப்போதும் பதினைந்து, பதினேழு நாள் ஆவதைக் கண்டேன். கடிபட்டவன் விழ மூன்று முதல் ஐந்து நாள் போதும். ஆகவே கொசுவுக்குள் நோய் முதிர்வதற்குப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அதற்கு முன் அந்தக் கொசு கடித்தால் ஒன்றும் ஆகாது. இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.’

கசில்டா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். மூன்று மாதம். பதினொரு வீரர்கள். கிழட்டுக் கற்பனை, அரைவேக்காட்டுப் பயல். எல்லாம் அவளுடைய ஒரே ஒரு பென்சில் கோட்டால் வந்தது. ‘இவ்வளவு முக்கியமானதை அந்த ஆள் முதல் வரியில் எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா?’ என்று பஸ்டெராவின் மேல் ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேலேயே வந்தது.

மேஜரிடம் நேராகச் சொன்னாள். “சார், என் தப்பு. ஏப்ரல் கடிதத்துல முக்கியமான பகுதியை வெட்டிட்டேன். திருத்தி காப்டனுக்கு அனுப்பணும்.”

“ஏப்ரல் கோப்பு மூடியாச்சு. மூடின கோப்பைத் திருத்தணும்னா தலைமையகத்துக்கு எழுதிக் கேக்கணும். ஆறு வாரம் ஆகும்.”

“ஆறு வாரத்துல எத்தனை பேர் சாவாங்க சார்?”

“கொசுக் கதையைத் திருத்தினதால யாரும் பிழைக்கப் போறதில்ல” என்றார் மேஜர். அதை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். கசில்டாவுக்குப் பேனாவை அவர் மேசையில் கோணலாக வைத்துவிட்டு ஓடலாம் போல இருந்தது.

அன்று மத்தியானமே ஆற்றங்கரைக்குப் போனாள். பஸ்டெரா கதவைத் திறந்தார். குட்டையான மனிதர். வீட்டிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். சன்னலோரத்தில் வரிசையாக வலை கட்டிய சாடிகள்.

“நீங்கதான் என் கடிதத்தையெல்லாம் இங்கிலீஷ்ல போடுற அம்மாவா? காப்டன் ஏன் இப்படி மரமண்டையா இருக்கான்? பன்னிரண்டு நாள்னு தெளிவா எழுதினேனே!”

“அந்தப் பக்கத்தை அவர் படிக்கவே இல்ல, தோன் லெயாந்த்ரோ. நான் வெட்டிட்டேன்.”

“வெட்டிட்டீங்களா? ஏன்?”

“அதுக்கு முன்னாடி பக்கத்துல என் புருஷனைக் கொள்ளைக்காரன்னு எழுதியிருந்தீங்க.”

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார். அவள் உட்கார்ந்ததும், “எந்த ஊர்ல?” என்று கேட்டார். சொன்னாள். “அங்க நான் இல்ல” என்றார். சாடி ஒன்றின் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: “இருந்திருந்தா உங்க ஆளுக்கும் கட்டுப் போட்டிருப்பேன். போட்டிருக்கேன், வேற சில பேருக்கு. அதை எழுதல. பதக்கத்தை எழுதினேன்.”

அதை மன்னிப்பு என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது, முட்டை ஒட்டிய காகிதப் பட்டை ஒன்றை அவள் கையில் கொடுத்தார். தகரப் பெட்டிக்குத் தப்ப அதைக் கைக்குட்டையில் மடித்து மார்ச்சட்டைக்குள் செருகிக்கொண்டு, மறுநாள் காலை கரும்பு ஏற்றப் போன மாட்டு வண்டி ஒன்றில் ஏறி, கசில்டா நேராக முகாமுக்கே போய்ச் சேர்ந்தாள்.

காப்டன் லஸ்க்கை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். மூன்று மாதமாகக் கடிதத்தில் கர்ஜித்தவர் நேரில் ஒல்லியாக, காது பெரிதாக, வெயிலில் மூக்கு உரிந்து நின்றார். அவள் முழு மொழிபெயர்ப்பையும் நீட்டினாள், நடந்ததையும் சொன்னாள். அவர் முகம் சிவந்துகொண்டே வந்தது.

“பதினொரு பேர்! பதினொரு பேரை வீணா கடிக்க விட்டேன்! இதை வெட்டணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

“ஒரே பக்கம்னாரு மேஜர். அந்தத் தாத்தா பதினொரு பக்கம் எழுதினாரு. நீங்க எழுதுனது எனக்கு எழுத்தாவே தெரியல. நான் என்ன மந்திரமா போட முடியும்? தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா மூணு மாசத்துல மூணு பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அஞ்சு மைல் நடந்து போய் நேர்ல கேட்டிருந்தா நான் வெட்டியே இருக்க முடியாது!”

லஸ்க் காகிதப் பட்டையை வாங்கி, தண்ணீர் ஊற்றிய சாடியில் போட்டார். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அங்கேயே பொரித்துவிடப் போவது போல.

அது பொரித்தது, இரண்டு நாள் கழித்து. ஆகஸ்ட் தொடக்கத்தில் கொசுக்கள் பறந்தன. நோயாளிகளைக் கடித்தன. இந்த முறை லஸ்க் காத்திருந்தார். பன்னிரண்டு நாள் போய்ப் பதினான்கும் ஆயிற்று. வீரர்களை இனிமேல் தொடக்கூடாது என்று மேஜரிடமிருந்து உத்தரவு வந்திருந்தது.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி லஸ்க்கின் கடிதம் ஒன்று அலுவலகத்துக்கு வந்தது. வழக்கத்தைவிடக் கோணலான கையெழுத்து. ‘இருபத்திரண்டாம் தேதி என் இடது கையில் இரண்டு கொசுக்களைக் கடிக்க விட்டேன். இன்று காலையிலிருந்து குளிரும் முதுகு வலியும். நாடி மெதுவாக ஓடுகிறது, சூடு நூற்று மூன்று. தோன் லெயாந்த்ரோவின் கணக்கு சரிதான் போலிருக்கிறது. மூன்று பிரதி எடுக்கவும்.’

கசில்டா மூன்று பிரதி எடுக்கவில்லை. “கிறுக்கன்! சுத்தக் கிறுக்கன்!” என்று தனக்குத் தானே கத்திக்கொண்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் சரிந்தது. மேஜர் தலை நிமிர்ந்தார். கடிதத்தை அவர் கையில் திணித்துவிட்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினாள். முகாமுக்கு அல்ல, ஆற்றங்கரைக்கு.

“தோன் லெயாந்த்ரோ, உங்க சபதத்தை அப்புறம் வெச்சுக்கலாம். கிளம்புங்க.”

அவர் பழைய இராணுவ மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்பானிய அதிகாரி உடையில் ஒரு கிழவர் வண்டியில் வருவதைப் பார்த்து முகாம் வாசலில் நின்ற காவலன் துப்பாக்கியைத் தூக்கினான். “டாக்டர்! டாக்டர்! வழி விடப்பா!” என்று கசில்டா போட்ட கூச்சலில் அவன் ஒதுங்கினான்.

அடுத்த எட்டு நாள் அவள் அந்தக் கூடாரத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நோய் வராது, இரண்டு மொழியும் தெரியும், வேறு யாரும் இல்லை. இடப்புறம் லஸ்க், மஞ்சளாகிக்கொண்டே வரும் கண்களோடு. வலப்புறம் பஸ்டெரா. இந்த நிலைமையிலும் இருவரும் சண்டையை நிறுத்தவில்லை.

“எனக்குக் கொஞ்சம் சூப்பு வேணும்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

“சாகணும்னா குடிக்கச் சொல்லு. அஞ்சு நாளைக்குப் பனிக்கட்டித் தண்ணி மட்டும்தான். சொட்டுச் சொட்டா.”

“என்ன சொல்றாரு?”

“சாகணும்னா குடிங்கன்றாரு.”

“எந்தப் புத்தகத்துல இருக்கு அது?”

“எந்தப் புத்தகம்னு கேக்கறாரு, தோன் லெயாந்த்ரோ.”

“நானூறு பேரைப் புதைச்ச புத்தகத்துல இருக்குன்னு சொல்லு!”

அதை மட்டும் அவள் மொழிபெயர்க்கவில்லை. இந்த முறை வெட்டியது சரிதான் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் லஸ்க்கின் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. அன்று யாரும் சண்டை போடவில்லை. கறுப்பு வாந்தி வந்தால் முடிந்தது என்று பஸ்டெரா மெல்லச் சொன்னார். கசில்டா நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ‘நான் ஒரு கோடு போட்டேன், அது அழிந்ததும் இவன் படுத்துவிட்டான், கோடு அப்படியே இருந்திருந்தால் இவன் எழுந்து நடமாடிக்கொண்டு இருப்பான்’ என்று எண்ணினாள். அப்படி எண்ணுவது நியாயமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் மிஞ்சியது. மூன்று அறிவாளிகளுக்கு நடுவில், தப்பு செய்ததும் திருத்தியதும் மட்டும் ஏன் தன் பொறுப்பாக வேண்டும்?

வாந்தி வரவில்லை. எட்டாம் நாள் சூடு இறங்கியது. லஸ்க் முதல் காரியமாகத் தன் காய்ச்சல் குறிப்பேட்டைக் கேட்டார். அவள் எழுதிவைத்ததைப் படித்துவிட்டு, “மூணாம் நாள் மத்தியானக் கணக்குல ஒரு புள்ளி விட்டுப்போச்சு” என்றார். கசில்டா எழுந்து கூடாரத்தை விட்டு வெளியே போய், சரிவில் நின்று, கடல் தெரிகிற திசையைப் பார்த்து அழுதாள். பஸ்டெரா பின்னாலேயே வந்து, சுருட்டைப் பற்றவைத்தார்.

செப்டம்பரில் மேஜர் அறிக்கை எழுதினார். ‘காப்டன் காய்ச்சல் கூடாரத்திலேயே வசித்தவர், நோய் வேறு வழியாகவும் வந்திருக்கலாம், ஆகவே இது நிரூபணம் ஆகாது’ என்று அதில் இருந்தது. கசில்டா கொதித்துப்போய் அதைப் பஸ்டெராவிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “இந்த ஒரு விஷயத்துல அந்த ஆள் சொல்றது சரிதான்” என்றார். அவளுக்கு அவரையும் சேர்த்து ஆற்றில் தள்ளலாம் போல வந்தது. அறிக்கையின் கடைசிப் பத்தியில் ‘உள்ளூர்வாசி பஸ்டர் என்பவர்’ உதவியதாக ஒரு வரி இருந்தது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெயரைத் திருத்தச் சொல்லி அவள் கேட்டாள். அறிக்கை போய்விட்டது என்றார் மேஜர். தன் பெயரிட்டு, தன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஹவானாவுக்கு ஓர் அதிகாரபூர்வக் கடிதம் எழுதினாள். நான்கு மாதம் கழித்து ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வந்தது.

அதற்குள் ஹவானாவில் இருந்த குழு கட்டுப்பாடான சோதனைகளால், சந்தேகத்துக்கு இடமில்லாமல், கொசுதான் என்று காட்டிவிட்டது. லஸ்க்கின் குறிப்பேடு எந்த அலமாரியிலோ போய் அடைந்தது. மறு வருஷம் கொசு ஒழிப்பு உத்தரவு மத்தான்சாஸுக்கும் வந்தபோது, மெத்தைகளைக் கொளுத்திய அதே மேஜர் அதே ஆவேசத்தோடு ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணெண்ணெய் ஊற்ற ஆரம்பித்தார். தான் இதற்கு முன்னால் வேறு மாதிரி நினைத்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. ஆனால் காய்ச்சல் குறைந்தது. அடுத்த கோடையில் ஓப்துலியாவின் தெருவில் ஒருவரும் விழவில்லை. கலீசியாக்காரச் சிப்பந்தி, பிழைத்து வந்தவன், ஓப்துலியாவுக்கு ஒரு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்தான். பிறகு அவளையே கல்யாணமும் செய்துகொண்டான்.

அமெரிக்கர்கள் போன பிறகு நகராட்சியின் சுகாதார அலுவலகம் கசில்டாவை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஆட்களுக்கு அவள் மேலதிகாரி. ஊர்ப் பெண்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். லஸ்க் பிலிப்பைன்ஸிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எழுதுவார். கையெழுத்து மோசமாகிக்கொண்டே போனது. பஸ்டெரா 1906-இல் இறந்தார். அவருடைய கல்லறையில் இராணுவ முதன்மை மருத்துவர் என்று செதுக்குவதற்கு அவர் மனைவி கசில்டாவிடம்தான் எழுத்து சரிபார்த்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஒருநாள் சோதனைக்குப் போன ஆள் ஒருவன் தயங்கித் தயங்கி அவள் மேசை முன்னால் வந்து நின்றான். ஒரு வீட்டில் பூச்செடிக்கு அடியில் ஒளித்துவைத்த பானையில் கொசுப்புழு நெளிவதைக் கண்டிருக்கிறான். வீட்டுக்காரி மண்ணெண்ணெய் ஊற்ற விடவில்லையாம், அக்கா ஆபீஸ்ல இருக்கா, பாத்துக்கறேன் என்றாளாம்.

கசில்டா தொப்பியை மாட்டிக்கொண்டு, எண்ணெய் டப்பாவைத் தானே தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.